வெயில் தின்ற நீலம்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு முழ நீளப் பலகைத் துண்டு இருக்கிறது. மூத்தாப்பாவின் கரைவலைத் தோணியில் எஞ்சியது அது மட்டுந்தான். 2004 டிசம்பர் 26 காலை, கல்முனைக் கரையில் ஏற்றி வைத்திருந்த தோணிகளைக் கடல் அள்ளி ஊருக்குள் எறிந்தது. அன்று ஊரில் போன உயிர்களுக்கு முன்னால் ஒரு தோணி என்ன பெரிய இழப்பு? வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பல வருடம் பேசவில்லை. சில கிழமை கழித்து இடிபாடுகளை ஒதுக்கும்போது சாச்சாதான் அந்தத் துண்டைக் கண்டெடுத்தார். அதில் பெயரில்லை, இலக்கமில்லை. நிறத்தைப் பார்த்துத்தான் இனங்கண்டார். பிறகு அது கிணற்றடி மதிலில் சாத்தியபடி பதினைந்து வருடம் கிடந்தது.

அந்தத் தோணியை 24இல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏழு மீற்றர் தோணி அந்த அளவில் 30 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். மெல்லிய பலகைச் சீவல்களை நீரில் ஊறவைத்து வளைத்து, ஒட்டி, தேய்த்து, உடலைச் செய்து முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. நிறத்துக்கு அதைவிடக் கூடுதலான காலம் பிடித்தது.

மாதிரி செய்கிறவர்களுக்கென்றே உலகில் பெயின்ட் உண்டு. இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்த ஹம்ப்ரோல், ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா போன்ற கம்பனிகள் சின்னச் சின்னத் தகரங்களிலும் போத்தல்களிலும் இலக்கமிட்டு விற்கின்றன. போர் விமானத்தின் அடிவயிற்று நிறத்துக்கு ஓர் இலக்கம், தாங்கியின் மணல் நிறத்துக்கு ஓர் இலக்கம். கல்முனைக் கரைவலைத் தோணியின் நீலத்துக்கு எந்த அட்டவணையிலும் இலக்கம் இல்லை. அதை நாமேதான் கலந்தெடுக்க வேண்டும்.

கடைத்தெரு ஹாட்வெயார் கடையில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு எனாமலைச் சிறிய தகரங்களில் வாங்கினேன். நீலத்துக்கும் பச்சைக்கும் பிள்ளைகளின் சித்திரப் பாடத்துக்கு வாங்கிய அக்ரிலிக் குழாய்கள் இருந்தன. எனாமல் எண்ணெய்ச் சாதி, அக்ரிலிக் தண்ணீர்ச் சாதி. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. எனவே அக்ரிலிக்கிலேயே வெள்ளையும் எடுத்து, ஓர் இரவு மேசையில் உட்கார்ந்தேன். குழாயில் இருந்த நீலம் அல்ட்ராமரீன். அதில் வெள்ளை, கொஞ்சம் பச்சை. பலகைத் துண்டின் நீலம் கடலும் மயிற்கழுத்தும் சேர்ந்தாற்போல இருக்கும். ரியூப் லைற்றின் கீழ் ஒரு மணிநேரம் கலந்து கலந்து, கடைசியில் அட்டைத் துண்டில் பூசிய நிறத்தையும் பலகையையும் பக்கத்தில் வைத்தபோது எது எதுவென்று தெரியாத அளவுக்குப் பொருந்தியது. நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் விறாந்தையில் வைத்துப் பார்த்தால் பலகை கடல் நிறத்தில் இருக்கிறது, என் அட்டை ஊதாப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒரே இரவில் பெயின்ட் மாறவில்லை. மாறியது வெளிச்சம்.

நம் கண்ணின் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புக் கலங்கள் மூன்றே வகை. ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியில் எத்தனை நூறு அலைநீளங்கள் இருந்தாலும் மூளைக்குப் போவது அந்த மூன்று கலங்களின் மூன்று கணக்குகள் மட்டும். இரண்டு பொருள்கள் முற்றிலும் வேறான ஒளியை அனுப்பினாலும் அந்த மூன்று கணக்கும் ஒத்துப்போனால் கண்ணுக்கு அவை ஒரே நிறம். வெளிச்சத்தை மாற்றினால் கணக்கு பிசகும், வேடம் கலையும். அல்ட்ராமரீன் நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. நீலத்தைத் திருப்பி அனுப்புவதோடு, நிறமாலையின் மறுகோடியில் உள்ள ஆழ்ந்த சிவப்பிலும் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். ரியூப் லைற்றில் அந்த ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. ஆகவே இரவில் அந்தக் குணம் வெளியே தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் அது தாராளமாக உண்டு. நீலத்தோடு சிவப்பும் சேர்ந்து ஊதாவாக நின்றது.

இந்த அல்ட்ராமரீன் எங்கள் வீடுகளுக்குப் புதியதல்ல. ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த கல்லை அரைத்து, பொன்விலைக்கு விற்ற நிறம் அது. 1820களில் பிரான்சின் கீமே என்பவர் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டபின் மலிந்தது. மலிந்து மலிந்து வெள்ளைச் சாரத்துக்கும் பள்ளிச் சட்டைக்கும் உம்மாமார் போடும் நீலக் கட்டியாக நம் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. மஞ்சளித்த துணி நீல ஒளியை உறிஞ்சுகிறது. நீலம் போட்டால் மிச்ச மஞ்சளிலும் சிவப்பிலும் கொஞ்சத்தை அது உறிஞ்சிவிடும். துணியிலிருந்து வரும் மொத்த ஒளி உண்மையில் குறைகிறது. ஆனால் எல்லா நிறமும் சமமாகக் குறைவதால் கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. நிறம் கலப்பது என்பதன் முழு இரகசியமும் அந்த வாளித் தண்ணீருக்குள் இருக்கிறது: பெயின்ட் ஒளியைக் கூட்டுவதில்லை, கழிக்கிறது.

இதை நன்றாக உணரவேண்டுமானால் மருதமுனைக்குப் போகவேண்டும். கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பைத் தாண்டியதும் வரும் நெசவூர். கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன இடம். அங்கே தறியில் பாவு நூல் மஞ்சளாகவும் ஊடு நூல் நீலமாகவும் ஓடும் துணியைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நூல்கள் தனித்தனியாகத் தெரியாத தூரத்தில் கண் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். பச்சையைத்தான் எதிர்பார்ப்போம். வருவது மங்கிய சாம்பல். ஆனால் அதே மஞ்சளையும் நீலத்தையும் பெயின்டாக எடுத்துக் கிண்ணத்தில் குழைத்தால் பச்சை வருகிறது. நிறங்கள் இரண்டும் அவையேதான், விளைவு மட்டும் வேறு.

காரணம், துணியில் ஒளி ஏதோ ஒரு நூலில்தான் படுகிறது. மஞ்சள் நூல் தன் ஒளியை அனுப்புகிறது, நீல நூல் தன் ஒளியை அனுப்புகிறது, கண்ணில் இரண்டும் கூடிச் சராசரியாகின்றன. கிண்ணத்தில் அப்படி இல்லை. பெயின்டின் உள்ளே போகும் ஒளிக்கதிர் வெளியே வருவதற்குமுன் நூற்றுக்கணக்கான துணிக்கைகளில் முட்டி மோதுகிறது. மஞ்சள் துணிக்கை அதன் நீலப் பங்கைத் தின்றுவிடுகிறது. நீலத் துணிக்கை அதன் சிவப்பையும் மஞ்சளையும் தின்றுவிடுகிறது. இரண்டும் தின்னாமல் விட்ட பச்சைதான் உயிரோடு வெளியே வருகிறது. ஒவ்வொரு நிறப்பொருளும் எதைத் தருகிறது என்று யோசித்தால் கலவை குழப்பமாகவே இருக்கும். எதைத் தின்கிறது என்று யோசித்தால் வழி திறக்கும். நான் பச்சையைக் கூட்டிக் கூட்டி அல்ட்ராமரீனோடு மல்லுக்கட்டியது இதை நினைக்காமல்தான். எனக்குத் தேவைப்பட்டது சிவப்பை முழுவதுமாகத் தின்கிற ஒரு நீலம்.

அப்படியொரு நீலம் 1928இல் ஸ்கொட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் நகரத்து ஸ்கொட்டிஷ் டைஸ் தொழிற்சாலையில் தற்செயலாகத் தோன்றியது. சாயத் தொழிலுக்கான வெள்ளைப் பொருளொன்றை இரும்புப் பாத்திரத்தில் தயாரித்தார்கள். பாத்திரத்தின் உட்பூச்சு வெடித்திருந்தது. வெடிப்பு வழியே இரும்பு கலந்து, வெள்ளையாக இருக்கவேண்டியதில் கருநீலப் பொருளொன்று படிந்தது. கழிவென்று கொட்டாமல் அதை ஆராய்ந்தார்கள். இரும்புக்குப் பதில் செப்பை வைத்தபோது ஒளிரும் நீலம் கிடைத்தது. செப்புத் தலோசயனின் என்ற அந்த நிறம் 1935இல் மொனஸ்ட்ரல் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. வெயிலுக்கு மங்காது, அமிலத்துக்கு அசையாது, சிவப்பை மிச்சம் வைக்காது. இன்று பேனை மை முதல் பிளாஸ்டிக் வாளி வரை நாம் பார்க்கும் நீலங்களில் பெரும்பங்கு அதன் வம்சம். ஹாட்வெயார் கடையில் பிறகு வாங்கிய நீல எனாமலும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். தகரத்தின் மூடியைத் திறந்து ஒரு துளியை வெள்ளையில் இட்டபோது பச்சைச் சாயலோடு அது விரிந்ததே சாட்சி. அக்ரிலிக் குழாய்களை மூடி வைத்துவிட்டு எனாமலுக்கே திரும்பினேன்.

நீலத்தைப் போலவே வெள்ளைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது எங்கள் கிழக்குக் கரையிலேயே தொடங்குகிறது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் மணல் கறுப்பு. இல்மனைற் என்ற தாது, இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. 1957இல் அதற்கென்று அரச கூட்டுத்தாபனமே அமைந்தது. அம்பாறைக் கரையில் திருக்கோவில் பக்கத்து மணலிலும் இல்மனைற் உண்டு. அதை அள்ளக் கூடாதென்று அங்குள்ள மக்கள் தெருவில் இறங்கியதும் உண்டு. இந்தக் கறுப்பு மணலிலிருந்து இரும்பை நீக்கிச் சுத்திகரித்தால் வருவது உலகின் மிக வெள்ளையான பெயின்ட் பொருள்களில் ஒன்றான டைட்டானியம் டை ஒக்சைட். புல்மோட்டை மணல் தாதுவாகவே கப்பலேறுகிறது. வெள்ளையாகி, தகரத்தில் அடைபட்டு, பல மடங்கு விலையோடு நம் கடைக்குத் திரும்புகிறது. அந்தத் தகரத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

அது ஏன் அத்தனை வெள்ளை? ஒரு கண்ணாடித் துண்டு ஒளிபுகும். அதையே இடித்துத் தூளாக்கினால் வெள்ளை. கண்ணாடியின் பொருள் மாறவில்லை, காற்றோடு அது சந்திக்கும் மேற்பரப்புகள் பெருகின. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒளி கொஞ்சம் திசைமாறுகிறது, எல்லா நிறமும் ஒன்றாகச் சிதறித் திரும்பி வருகிறது, அதுதான் வெள்ளை. எவ்வளவு திசைமாறும் என்பதை முறிவுச் சுட்டி என்ற எண் சொல்லும். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, எண்ணெய்க்கும் பெயின்டின் பசைக்கும் ஏறத்தாழ 1.5. துணிக்கைக்கும் அதைச் சுற்றியுள்ள ஊடகத்துக்கும் இடையே இந்த எண்ணின் வித்தியாசம் பெரிதாக இருந்தால் சிதறல் பலமாக இருக்கும். சுண்ணாம்புத் தூளுக்கு 1.6 அளவு. சுவரில் காய்ந்து, சுற்றிலும் காற்று நிற்கும்போது அது நல்ல வெள்ளை. எண்ணெயில் குழைத்தால் 1.6உம் 1.5உம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் மறைந்து அழுக்குப் பசையாகிவிடும். டைட்டானியம் டை ஒக்சைட்டின் ருட்டைல் வகைக்கு 2.7. எண்ணெய்க்குள் மூழ்கியிருந்தாலும் அது வெள்ளையாகவே நிற்கும். துணிக்கையை ஒளியின் அலைநீளத்தில் பாதியளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீற்றரை நாலாயிரம் ஐயாயிரம் கூறாக்கினால் வரும் பருமனுக்கு அரைத்தால் சிதறல் உச்சத்துக்குப் போகும்.

சுண்ணாம்பும் எண்ணெயும் பற்றிய இந்தச் செய்தியை அன்று நான் வெறும் தகவலாகத்தான் வாசித்து வைத்திருந்தேன்.

இனி அளவு. மாதிரி செய்யப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். கறுப்பில் ஒரு துளி, வெள்ளையில் ஒரு துளி எடுத்துக் கலந்தால் நடுத்தரச் சாம்பல் வரும் என்று நினைப்பார்கள். வருவது கிட்டத்தட்டக் கறுப்பு. ஏன் என்பதை 1931இல் போல் குபெல்கா, பிரான்ஸ் முங்க் என்ற இருவர் கணக்காக்கிக் காட்டினார்கள். ஒரு பெயின்ட் ஒளியை உறிஞ்சும் வலுவை, அது ஒளியைச் சிதறச் செய்யும் வலுவால் வகுத்தால் ஓர் எண் வரும். கலவையில் சராசரி எடுக்கவேண்டியது தெறிக்கும் ஒளியை அல்ல, அந்த எண்ணை. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிது: தெறிக்காத பங்கைத் தன்னாலேயே பெருக்கி, தெறிக்கும் பங்கின் இருமடங்கால் வகுக்கவேண்டும்.

நூற்றுக்கு 90 பங்கு ஒளியைத் தெறிக்கும் வெள்ளை ஒன்றை எடுப்போம். தெறிக்காதது 0.1. பெருக்கினால் 0.01, அதை 1.8ஆல் வகுத்தால் 0.0056. நூற்றுக்கு 5 பங்கு தெறிக்கும் கறுப்புக்கு அதே கணக்கைப் போட்டால் 9 வருகிறது. ஆயிரத்து அறுநூறு மடங்கு வித்தியாசம். இரண்டும் ஒரே வலுவில் சிதறச் செய்வதாக எளிமையாக்கிக்கொண்டு பாதிக்குப் பாதி கலந்தால் சராசரி 4.5. அதைத் திருப்பிப் போட்டால் அந்தக் கலவை தெறிப்பது நூற்றுக்கு 9 பங்குதான். வெள்ளை பாதியிருந்தும் பயனில்லை. நூற்றுக்கு 50 பங்கு தெறிக்கும் சாம்பல் வேண்டுமானால் ஒரு துளிக் கறுப்புக்கு 36 துளி வெள்ளை கேட்கிறது. நிஜக் கறுப்பான கரித்தூள் இந்தக் கணக்கைவிட மூர்க்கமானது. அதனால்தான் கைப்பழக்கமுள்ளவர்கள் எப்போதும் வெளிர்நிறத்தைக் கிண்ணத்தில் வைத்து, கடும்நிறத்தை ஈர்க்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்ப்பார்கள். கறுப்பைக் கிண்ணத்தில் வைத்து வெள்ளையை ஊற்றத் தொடங்கினால் உப்புக் கூடிய ஆணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிற கதைதான். சட்டி நிரம்பும், உப்புக் குறையாது.

தெறிக்கும் பங்கையே பெயராக வைத்த சாம்பல்களும் உண்டு. எங்கள் கரையிலிருந்து வடக்கே, மட்டக்களப்புக்கு அப்பால் ஆழத்தில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்து 1918இல் கட்டத் தொடங்கிய, உலகின் முதற் கப்பல் அது. கட்டி முடிந்து சேவையில் இறங்கியதில் மட்டும் ஜப்பானின் ஹோஷோ 1922இலேயே முந்திக்கொண்டது. 1942 ஏப்ரல் 9 அன்று, தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில், ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு அந்தக் கப்பல் இரையானது. 307 பேர் மாண்டார்கள். 700இல் ஒரு பங்கில் செய்தால் 183 மீற்றர்க் கப்பல் 26 சென்ரிமீற்றர். அத்தகைய பிரித்தானியக் கப்பல்களின் மாதிரிக்குச் சாம்பல் கலக்கிறவர்களுக்கு அந்தக் கடற்படையின் பெயின்ட் பெயர்களே வழிகாட்டும். போரின் பிற்பகுதியில் அவர்கள் நிறங்களுக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வைத்தார்கள். எண் 45 என்றால் அந்தச் சாம்பல் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு ஒளியைத் தெறிக்கும். 30 என்றால் 30. மேலே போட்ட கணக்கைத் தெரிந்தவர் பெயரிலிருந்தே துளிகளை எண்ணத் தொடங்கிவிடலாம்.

கறுப்பைப் பற்றி இன்னொன்று. மஞ்சளைக் கருமையாக்க அதில் கறுப்பைச் சேர்த்தால் பச்சை வருவதைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். கண்ணுக்குக் கருமஞ்சள் என்றொரு நிறம் இல்லை. வெளிச்சம் குறைந்த மஞ்சளைக் கண் ஒலிவ் பச்சையாகவே வாசிக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க இராணுவ வண்டிகளின் புகழ்பெற்ற ஒலிவ் நிறம், மஞ்சட் காவி மண்ணில் கறுப்பைக் குழைத்து வந்ததுதான். மஞ்சளை மஞ்சளாகவே வைத்துக்கொண்டு நிழல் தரவேண்டுமானால் கறுப்பை விட்டுவிட்டு மண்சிவப்பைத் தொடவேண்டும்.

எனாமலில் மூன்று நாள் கலந்தேன். வெள்ளை, நீலம், மஞ்சளில் ஒரு பொட்டு. ஊசிபோடும் சிறிஞ்சால் துளி எண்ணி, ஒவ்வொரு கலவைக்கும் ஓர் அட்டைத் துண்டில் பூசி, பின்பக்கத்தில் எண்ணிக்கையை எழுதி வைத்தேன். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் எழுதாத கலவை ஒருமுறை தீர்ந்தால் மறுபடி வராது. ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. தண்ணீர்ச் சாதி அக்ரிலிக் ஈரத்தில் வெளிறித் தெரியும், காயக் காயக் கருக்கும். அதன் பசை, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள். பாலைப் போல அவையும் ஒளியைச் சிதறச் செய்கின்றன. தண்ணீர் போனதும் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும், வெள்ளைச் சாயல் போய்விடும். எனாமல் காய்வது வேறு விதம். தின்னர் ஆவியான பிறகு அதன் எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து வலைபோலப் பின்னி இறுகுகிறது. மூடாத தகரத்தில் பாலுக்கு ஆடை படிவதுபோல ஆடை படிவது அதனால்தான். எனாமல் நிறத்தில் பெரிதாக மாறாது, ஆனால் முழுதாக இறுக நாட்கள் ஆகும். எங்கள் கரையின் ஈரக் காற்றில் இன்னும் கூடும். வாடைக்காற்றுக் காலத்தில் நான் பூசவே மாட்டேன்.

ஒப்பிடும் முறைக்கும் ஒரு பாடம் உண்டு. பாரிசின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயத்துக்குப் பொறுப்பாக 1824இல் வந்த செவ்ரேல், கறுப்புச் சாயத்தில் வலுவில்லை என்ற முறைப்பாட்டை ஆராயப்போய், சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறந்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டார். நானும் சாம்பல் அட்டையொன்றில் இரண்டு துளை வெட்டி, ஒன்றின் கீழ் பலகையும் மற்றதன் கீழ் என் அட்டையும் தெரியும்படி வைத்து, காலை ஒன்பது மணிக்கு விறாந்தை நிழலில் பார்த்தேன். 31ஆவது அட்டை பொருந்தியது. இரவில் ரியூப் லைற்றில், எல்ஈடி வெளிச்சத்தில், ஒரு கடையில் கேட்டு வாங்கிய பழைய மஞ்சள் பல்பில் வைத்துப் பார்த்தேன். எதிலும் பிசகவில்லை. பலகையிலும் தகரத்திலும் ஒரே சாதி நீலம் இருந்ததன் பலன் அது.

ஆனாலும் தோணி மாதிரியில் பூசியபோது, அது கருத்துத் தெரிந்தது. மாதிரிக்காரர்கள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: மாதிரி சிறிதாகச் சிறிதாக நிறத்தில் வெள்ளை கூட்டவேண்டும். 72இல் ஒரு பங்கு விமானத்துக்கு நூற்றுக்கு 15, 48இல் ஒரு பங்குக்கு 10, 32இல் ஒரு பங்குக்கு 7 என்றொரு வழக்கு உண்டு. தூரத்துப் பொருளுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறச் செய்து நிறத்தை வெளிறச் செய்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். சம்மாந்துறை வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால் மலைகள் நீலமாகத் தெரிவது அந்தக் காற்றால்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 24இல் ஒரு பங்கு மாதிரியை 30 சென்ரிமீற்றர் தள்ளி வைத்துப் பார்ப்பது நிஜத் தோணியை 7 மீற்றர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். ஏழு மீற்றர் காற்று எந்த நிறத்தையும் வெளுக்க வைக்காது. 72இல் ஒரு பங்குக்கே 22 மீற்றர்தான். அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குப் படுகிற காரணம் வெளிச்சம். நடுப்பகலில் எங்கள் கடற்கரையில் விழும் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. வீட்டுக்குள் இரவில் இருப்பது இருநூறு முந்நூறு. கண் தன்னைச் சரிக்கட்டிக்கொண்டாலும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது. வெளிச்சம் கூடினால் நிறம் துடிப்பாகத் தெரியும், குறைந்தால் சோர்ந்துவிடும் என்பதை ஹன்ட் என்ற நிற விஞ்ஞானி 1952இல் பரிசோதித்துக் காட்டினார். நம் ஞாபகத்தில் இருப்பது மணலில் வெயில் பட்டெரிந்த தோணி, கண்முன் இருப்பது கூரைக்குக் கீழ் இருக்கிற தோணி. ஆகவே வெறும் வெள்ளையைக் கூட்டி நிறத்தைச் சாகடிக்காமல், வெள்ளையோடு அந்த நிறத்தின் துடிப்பான உறவையும் கொஞ்சம் சேர்க்கவேண்டும். நீலத்துக்கு நான் வெள்ளையில் 4 துளியும் மஞ்சளில் பாதித் துளியும் கூட்டினேன். நன்றாக அமைந்தது.

அந்த மாதிரியைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்த சாச்சாவிடம் காட்டினேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அணியத்தின் வளைவை விரலால் தடவினார்.

"நல்லாச் செஞ்சிரிக்காய் மகன். வளவு அப்பிடியே இரிக்கி. ஆனா இது நம்மட தோணிட நெறம் இல்ல."

"இந்தத் துண்டப் பாத்துத்தான் சாச்சா கலந்த" என்று பலகையை எடுத்துக் கொடுத்தேன்.

"அது வெயில் திண்ட துண்டு. வாப்பாட தோணி இப்பிடி வெளிறிக் கெடக்கல்ல."

பலகையைத் திருப்பி வாங்கி விரலால் தேய்த்தேன். விரலில் வெள்ளையாகத் தூள் ஒட்டியது. அத்தனை நாள் அதைக் கையில் வைத்திருந்தும் தூசி என்றுதான் எண்ணியிருந்தேன். அது தூசியல்ல. வெயிலின் புறவூதாக் கதிர் பெயின்டின் பசையை வருடக்கணக்காகக் கரைத்துவிட்டது. டைட்டானியம் வெள்ளையே அந்தக் கதிரை வாங்கிப் பசையை உடைக்கும் வேலையை விரைவாக்கும். பசை போனதும் துணிக்கைகள் தனித்துத் தூளாக நின்றன, அவற்றிடையே காற்றுப் புகுந்தது. முறிவுச் சுட்டி 1.5 இருந்த இடத்தில் 1. வித்தியாசம் கூடிச் சிதறல் கூடி, நிறத்தின் மேல் ஒரு வெள்ளைத் திரை விழுந்திருக்கிறது. தலோசயனின் வெயிலுக்கு அசையாத நிறம், அது போயிருக்காது. உள்ளே இருக்கவேண்டும். முப்பத்தொரு அட்டை கலந்து நான் பொருத்தியது திரையின் நிறத்தை.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உரசிப் பார்க்க மனமில்லை. உரசத் தேவையும் இல்லை. சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்தால் வெள்ளை போய்விடும் என்று வாசித்தது நினைவுக்கு வந்தது. அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, பலகையின் ஓர் ஓரத்தில் ஒரு துளி விட்டேன். துணிக்கைகளுக்கு இடையிலிருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டு எண்ணெய் மெல்லப் படர்ந்தது. பத்து ரூபா நாணயம் அளவு வட்டத்துக்குள் ஆழ்ந்த மயில்நீலம் ஒன்று எழுந்து வந்தது.

"இந்தா, இதுதான்" என்றார் சாச்சா.

புதிய கிண்ணம் எடுத்தேன். வெள்ளையைப் பாதிக்கு மேல் குறைத்து, நீலத்தை எண்ணத் தொடங்கினேன். ஈரம் படர்ந்த அந்த வட்டம் ஓரிரு நாளில் உறிஞ்சி மறுபடி வெளிறிவிடும், அதற்குள் பொருத்தவேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. போத்தலைச் சரித்து உள்ளங்கையில் எண்ணெயை வார்த்து, பலகைத் துண்டு முழுவதிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பூசிக்கொண்டிருந்தார்.